இல்லாத பூனை

அந்தச் சின்ன அறைக்குள் கால் வைத்ததுமே, வீட்டில் கால்வாசி என்று பெயரெடுத்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காரணம் டாக்டர் இல்லை. அந்தப் பெண் டாக்டருக்கு மிஞ்சிப்போனால் முப்பது வயதிருக்கும், நேற்றுதான் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மை காயாத விரலோடு வந்தவர் மாதிரி முகம். காரணம் மேஜை மேல் இருந்த டிஷ்யூ பெட்டி. வெளியே காத்திருப்போர் கூடத்தில் தண்ணீர் குடிக்கிற டம்ளரையே சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிற ஆஸ்பத்திரி அது. அப்பேர்ப்பட்ட இடத்தில், யாரும் கேட்காமலே ஒரு பெட்டி நிறைய மெல்லிய காகிதத்தை வைத்து, முதல் தாளைப் பாதி வெளியே இழுத்தும் விட்டிருக்கிறார்கள் என்றால், இந்த நாலு சுவருக்குள் நல்ல சேதி ஒருநாளும் நுழைந்ததில்லை என்று அர்த்தம்.

"உட்காருங்க ஐயா," என்றார் டாக்டர். "இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரியும்னு நீங்களே சொல்லுங்களேன்."

"எங்க அத்தானுக்கு நுரையீரல் பாறையா இறுகிப்போச்சு. லாரித் தூசி. முப்பது வருஷத்துல ஒரு மலையையே மூக்கு வழியா உள்ள இழுத்திருக்கார். உலகத்துலயே இது ரெண்டு பேருக்குத்தான் வந்திருக்கு. ஒருத்தர் இவர். இன்னொருத்தர் தப்பிச்சுட்டார்."

இப்படித்தான் அவர் பேசுவார். கால்வாசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்றால் இல்லை, உள்ளே படுத்திருக்கும் அத்தான் வைத்தது. அக்காவின் புருஷனான அந்த மனிதர் லாரி எடைமேடையில் உட்கார்ந்து ஆயுசைக் கழித்தவர். வண்டி ஏறி நின்றால் எத்தனை டன், எத்தனை கிலோ என்பதற்கு மேல் ஒரு கிராம்கூடச் சேர்த்துப் பேசத் தெரியாது. மச்சானோ, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய், சர்க்கஸ் வந்திருக்கிறது, சலுகை விலையில் பாத்திரம் வந்திருக்கிறது என்று முழங்கிய ஆள். ஓய்வு பெற்றபோது வண்டியைத்தான் ஒப்படைத்தார், தொண்டையை ஒப்படைக்கவில்லை. கொல்லையில் பாம்பு பார்த்தேன் என்பார், பத்தடி நீளம் என்பார். அத்தான் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டரை அடி. பாம்பு இல்ல, கயிறு," என்பார். கல்யாணமான புதிதிலேயே அவர் வீட்டுக்குச் சட்டம் போட்டுவிட்டார்: மச்சான் என்ன சொன்னாலும் நாலால் வகுத்துக்கொள்ள வேண்டியது, வருவது நிஜம். அன்றிலிருந்து வீட்டில் சின்னக் குழந்தைகூட வாய்ப்பாட்டுக்கு முன்னால் இந்த வகுத்தலைக் கற்றுக்கொண்டது.

டாக்டர் வகுக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், "நேத்துல இருந்து கொஞ்சம் சோர்ந்துட்டார். ஆக்ஸிஜன் கொஞ்சம் கூடுதலாத் தேவைப்படுது. நாங்களும் கொஞ்சம் கவலையோடதான் பாத்துட்டிருக்கோம்," என்றார்.

மூன்று கொஞ்சம். கால்வாசி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க வார்த்தைக்குக் காற்றடித்துப் பெரிதாக்கியவருக்கு, காற்றைப் பிடுங்கிச் சின்னதாக்குகிறவரைத் தெரியாமல் போகுமா? திருடனுக்குத் திருடனின் கால்தடம் தெரியும். தான் கடுகை மலையாக்குகிறவன் என்றால், எதிரில் இருப்பவர் மலையைக் கடுகாக்கி உள்ளங்கையில் வைக்கிறார். அப்படியென்றால் அந்த மலை எவ்வளவு பெரிது?

"டாக்டர், எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா வேண்டாம். ஒரே கல்லா தலையில போட்டுடுங்க."

டாக்டர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அவர் இறந்துட்டிருக்கார் ஐயா. இன்னைக்கே நடக்கலாம்."

மேஜை மேல் நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தாள் மின்விசிறிக் காற்றில் ஆடியது. கால்வாசி அதையே பார்த்தார்.

டாக்டர் நிதானமாக மிச்சத்தையும் சொன்னார். இப்போது முகமூடி வழியாகப் போகிற காற்று போதவில்லை. அடுத்தது தொண்டைக்குள் குழாய். அதைப் போட வேண்டுமானால் மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும், பிறகு பேச்சு கிடையாது. அந்த நுரையீரலுக்குக் குழாயை எடுக்கிற நாள் வராது என்பதுதான் இங்கே எல்லா டாக்டர்களின் கருத்தும். போடாவிட்டால், மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். வீட்டார் பக்கத்தில் இருக்கலாம். மூச்சு இருக்கிறவரை அவர் பேசலாம்.

"எதுவானாலும் மத்தியானத்துக்குள்ள தெரியணும். அதுக்கு மேல அவரால பேச முடியுமான்னு எனக்குத் தெரியல."

"அவரையே கேக்கலாமே டாக்டர். அவர் மூளை என் மூளைய விடக் கூர்மை. கத்தி!"

"நேத்தே கேட்டேன். 'நான் எதையும் தனியா முடிவு பண்ணினதில்ல, என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க, அவளும் நானும் பேசிக்கறோம்'னார்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்வேன்? அந்தப் பூனை விஷயம் இருக்கே. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கதான் முடிவு சொல்லணும்."

பூனை! அதை அவிழ்த்துவிட்டவரே கால்வாசிதான்.

அத்தானை அவசரமாகக் கொண்டுவந்து சேர்த்த முதல் நாள் அது. வாசலில் இந்த டாக்டர் வந்து, "யார்கிட்டப் பேசணும்?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் பாய்ந்து டாக்டரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "எது இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. எங்க அக்கா மனசு கண்ணாடி. வீட்டுல வளத்த பூனை செத்ததுக்கே ஆறு மாசம் பேச்சு மூச்சில்லாம கிடந்தா. மூணு ஸ்பெஷலிஸ்ட் சேர்ந்து உக்கார வச்சாங்க. இன்னொரு கெட்ட சேதி காதுல விழுந்தா அத்தானுக்கு முன்னாடி அவ போயிடுவா!" எதிரில் கை தட்ட ஆள் இல்லாத குறைதான். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்தார்.

ஏன் சொன்னார்? டாக்டர்கள் கூப்பிட்டுப் பேசுகிற ஆளாகத் தான் இருக்க வேண்டும் என்கிற ஆசை முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்கை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அக்காவின் முகம் நொறுங்குவதைப் பார்க்கிற திராணி அவருக்குத்தான் இல்லை. அந்த வீட்டில் பூனை என்று ஒன்று இருந்ததே கிடையாது. அக்காவுக்குப் பூனை முடி பட்டாலே தும்மல்.

டாக்டர் நம்பினார். நம்பியதோடு விடாமல், ஒரு குடும்பத்தின் மனநிலையை மதித்து நடக்க வேண்டும் என்று தாதிகள், காவலாளி, தரை துடைக்கிற பெண் வரைக்கும் சொல்லி வைத்தார். இரண்டு வாரமாக அந்தப் பிரிவே அக்காவைப் பார்த்தால் பஞ்சு மேல் நடப்பது போல நடந்தது. "இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்றால், "பரவாயில்லம்மா, முகம் தெளிஞ்சிருக்கு." "எப்ப வீட்டுக்கு விடுவீங்க?" என்றால், "பாக்கலாம்மா, சீக்கிரம்." காவலாளி தன் நாற்காலியை எழுந்து கொடுத்தான். தரை துடைக்கிற பெண் ஒருநாள் தானாகவே வந்து, "எங்க வீட்டுலயும் பூனை இருந்துச்சும்மா," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அக்கா அவளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

"நானே சொல்லிடறேன் டாக்டர்," என்று கால்வாசி எழுந்தார். குரல் ஒலிபெருக்கி ஒயர் அறுந்த மாதிரி கரகரத்தது. "நான் சொன்னாத்தான் சரியா வரும்."

அக்கா கூடத்தில் நின்றபடியே பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கல் மாதிரி உடம்பு, அறுபத்தைந்து வயதிலும் மாடிப்படியை ரெண்டு ரெண்டாக ஏறுகிறவள். "வந்தியா? கேளு. சிஸ்டர் சொல்லுது, மூஞ்சி தெளிஞ்சிருக்காம். நான் வீட்டுக்குப் போய் மெத்தைய வெயில்ல போட்டுட்டு, ரூமைக் கழுவிட்டு சாயங்காலம் வரேன். தூசி ஒரு பொட்டு இருக்கக் கூடாதுல்ல இனிமே?"

"அக்கா, உக்காரு. டாக்டர் கூப்பிட்டுப் பேசினாங்க."

"என்னவாம்?"

"அத்தானுக்கு... இன்னைக்கு ஒரு நாள் தாண்டாதாம்க்கா."

அக்காவின் உதடு அசைந்ததை அவர் பார்த்தார். கணக்குப் போடுகிறாள். நல்ல சேதி என்றால் நாலால் வகுப்பாள், கெட்ட சேதி என்றால் கெடுவை நாலால் பெருக்குவாள். நாற்பது வருஷத்துப் பழக்கம், யோசிக்காமலே வரும்.

"நாலு நாள் ஆகும்கிறாங்களா வீட்டுக்கு விட? ரெண்டு நாள்னுல்ல சிஸ்டர் சொல்லுச்சு."

"வீட்டுக்கு இல்லக்கா! இன்னைக்கே கடைசிங்கறேன்!"

சொல்லி முடிக்கும் முன்னே நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இன்றே கடைசி! அந்த சர்க்கஸுக்கு மூணு மாசம் இதைத்தானே கத்தின? புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பார்த்தேன். மறுநாள் போனா சிங்கம் அங்கேயே உக்காந்து கொட்டாவி விடுது. போடா டேய்."

பக்கத்தில் காத்திருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். கால்வாசிக்கு வியர்த்தது. சரி, பெரிதாகச் சொன்னால்தானே வகுப்பாள், சின்னதாகவே சொல்லிப் பார்ப்போம் என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, அடைமொழியில்லாமல், கை ஆட்டாமல், முணுமுணுத்தார்: "அத்தான் செத்துட்டிருக்கார்க்கா."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். கிட்டே வந்தாள். புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "காலைல சாப்பிட்டியா நீ? மூஞ்சியெல்லாம் வெளிறிக் கிடக்கு, குரலும் உள்ள போயிடுச்சு. ரெண்டு வாரமா தூங்கல இல்ல? கேன்டீன்ல போய் எதையாவது வாயில போடு முதல்ல. இப்படி அச்சானியமா பேசிட்டுத் திரியாத."

அவர் போனை எடுத்தார். அக்காவின் மகள் ரெண்டரை மணி நேரப் பயண தூரத்தில் வேலை பார்க்கிறாள். "பாப்பா, உடனே கிளம்பி வா. அப்பாவுக்கு முடியல."

"மாமா, போன மாசம் பல்லு பிடுங்கினப்ப, 'மாமா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போ'ன்னு கூப்பிட்டீங்க. லீவு போட்டு ஓடி வந்தேன். நீங்க டிவி பாத்துக்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டிருந்தீங்க."

"இது பல்லு இல்ல தாயி!"

"அம்மாகிட்டக் குடுங்க."

அக்கா போனை வாங்கினாள். "ஒண்ணுமில்ல கண்ணு. தெளிஞ்சிருக்காராம். இவனுக்குத்தான் தூக்கமில்லாம மூளை கலங்கிடுச்சு. நீ சனிக்கிழமை வந்தாப் போதும்." போனைத் திருப்பிக் கொடுத்தாள், பையைத் தோளில் மாட்டினாள், லிஃப்டுக்குள் போய்விட்டாள். கதவு மூடும்போதுகூட, "சாப்பிடு!" என்று விரலை ஆட்டினாள்.

கால்வாசி மூடிய கதவின் முன் நின்றார். தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போயின. நேற்று முகமூடி மாட்டினதிலிருந்து வீட்டார் யாரையும் உள்ளே விடவில்லை. உள்ளே அத்தான், 'அவளும் நானும் பேசிக்கறோம்' என்று சொல்லிவிட்டு ஒரு நாளாகக் காத்திருக்கிறார். கதவு திறக்கும்போதெல்லாம் வந்துவிட்டாள் என்று பார்த்திருப்பார். அவளோ மெத்தை தட்டப் போகிறாள். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைக் கட்டின கொத்தனார் இவர்தான்.

இவர் ஓடின ஓட்டத்தை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் பேரன் பேத்திக்குச் சொல்வார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் மணியை அழுத்தினார், அழுத்தின விரலை எடுக்கவே இல்லை. உள்ளிருந்து தாதி ஓடி வர, பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

"பூனையே இல்ல டாக்டர்!"

"என்ன ஐயா?"

"எங்க வீட்டுல பூனை கிடையாது. செத்ததும் கிடையாது. அக்கா படுக்கைல விழுந்ததும் கிடையாது. எங்க அப்பா செத்தப்ப ஒத்தை ஆளா நின்னு எல்லாத்தையும் நடத்தினவ அவ. நான்தான் கட்டிலுக்கு அடியில படுத்து அழுதவன். அவகிட்ட நான் சொல்லிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்கறா. நான் சொல்றதை யாருமே நம்ப மாட்டாங்க. வீட்டுச் சட்டம் அப்படி. நீங்க ஒருத்தர்தான் நம்பினீங்க, அதுதான் வினையாப் போச்சு."

தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. "ரெண்டு வாரமா," என்றார் மெதுவாக, "ரெண்டு வாரமா அந்த அம்மா தினம் என் கண்ணைப் பாத்துக் கேட்டாங்க. நான் தினம் பொய் சொன்னேன். உங்க வீட்டு வழக்கத்தை மதிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்களுக்கு எவ்வளவு தெரியணும்னு அவங்களையே கேட்டிருக்கலாம்." பிறகு, "எங்க அவங்க?"

"பஸ் ஸ்டாப்."

லிஃப்ட் வருகிற மாதிரி தெரியவில்லை. டாக்டர் படிக்கட்டில் இறங்கினார், வார்டுக்குள் மட்டும் போடுகிற ரப்பர் செருப்போடு. கால்வாசி பின்னால் மூச்சு வாங்க இறங்கிக்கொண்டே கத்தினார்: "டாக்டர், ஒரு விஷயம். அந்தக் 'கொஞ்சம்' மட்டும் வேண்டாம். எங்க அக்காகிட்டக் கொஞ்சம்னு சொன்னா கொஞ்சம்னுதான் எடுத்துப்பா!"

வெளிவாசலைத் தாண்டும்போதே பஸ் வந்து நின்றுவிட்டது தெரிந்தது. அக்கா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள், பை வாசலில் சிக்கிக்கொண்டது. "அக்கா!" என்று கால்வாசி போட்ட சத்தத்தில், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த அத்தனை காக்கைகளும் வேறு ஊருக்குக் குடிபோயின. அக்கா திரும்பினாள். தம்பியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகுதான் அவருக்கு முன்னால் நிற்கிறவரைப் பார்த்தாள். பச்சை உடுப்பு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், வெயிலில் கண் கூச, மூச்சு இறைக்க, ரோட்டோரத்தில் ஒரு டாக்டர்.

"ஏறும்மா, இல்ல இறங்கும்மா. ரெண்டுல ஒண்ணு பண்ணும்மா," என்றார் கண்டக்டர்.

தம்பி என்ன சொன்னாலும் வகுக்கலாம். டாக்டர் வார்டு செருப்போடு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிற்பதை எதால் வகுப்பது? அக்கா காலைக் கீழே வைத்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

சிமெண்டு பெஞ்சில் டாக்டர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே டிஷ்யூ பெட்டி இல்லை. பக்கத்தில் ஒருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவர் உடம்பைப் பத்திப் பேசணும். உங்களுக்கு எவ்வளவு தெரியணும்னு நினைக்கறீங்க? எல்லாத்தையும் சொல்லட்டுமா, இல்ல..."

"எல்லாத்தையும்."

டாக்டர் சொன்னார். ஒரு கொஞ்சமும் இல்லாமல் சொன்னார். அக்கா பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குழாயைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டாள், ரெண்டும் சரியான கேள்வி. வலிக்குமா என்று ஒன்று. போட்டால் தான் பேசுவது அவருக்குக் கேட்குமா என்று இன்னொன்று.

"கேக்கலாம். உறுதியாச் சொல்ல முடியல. ஆனா பதில் வராது."

அக்கா தலையாட்டினாள். "இதை முன்னாடியே எங்கிட்டச் சொல்லிருக்கக் கூடாதாம்மா? நான் ஆஸ்பத்திரில சும்மா உக்காந்து கீரை விலையும் கரண்டு பில்லும் பேசிட்டிருந்தேனே அவர்கிட்ட, ரெண்டு வாரமா."

டாக்டர் கால்வாசியைப் பார்க்கவில்லை. "தப்பு என்மேலதாம்மா," என்றார்.

கால்வாசியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "இல்லக்கா. நான்தான். அந்தப் பூனை செத்ததுக்கே நீ தாங்கலன்னு சொல்லி..."

"எந்தப் பூனை?"

"நம்ம வீட்டுப் பூனை."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தரை துடைக்கிற பெண், காவலாளியின் நாற்காலி, தாதிகளின் சர்க்கரைப் பேச்சு எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து உட்காருவது தெரிந்தது. ஒரு அறை விழும் என்று கால்வாசி கன்னத்தைத் தயாராக வைத்திருந்தார். விழுந்திருந்தால் தேவலாம். "உன்ன அப்புறம் வச்சுக்கறேன்," என்றாள் அக்கா. போனை அவர் கையிலிருந்து பிடுங்கி மகளைக் கூப்பிட்டாள். "கிளம்பு," என்றாள். "ஆமா, இப்பவே. அம்மா சொல்றேன்." அவ்வளவுதான். எழுந்தாள். படிக்கட்டை ரெண்டு ரெண்டாக ஏறினாள். டாக்டரும் கால்வாசியும் பின்தங்கினார்கள். பை மட்டும் பெஞ்சிலேயே கிடந்தது. செருப்புத் தைக்கிறவர் அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தார்.

ஒருவருக்கு மேல் உள்ளே விடக் கூடாது என்பது அங்கே விதி. டாக்டர் அதைக் கையசைத்துத் தள்ளிவிட்டார். படுக்கையில் அத்தான் பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தார். முகமூடி கன்னத்தில் அழுந்தி வார் தடம் பதிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை மேலே ஏறி இறங்கியது, சுமை ஏற்றின வண்டி மேட்டில் திணறுவது போல. அக்கா உள்ளே வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது அவளுக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

தாதி முகமூடியைச் சற்றே தூக்கிவிட்டாள்.

"சொல்லிட்டாங்களா?" என்றார் அத்தான்.

"சொல்லிட்டாங்க. இப்பத்தான்."

"நானும்... இப்ப வருவ, அப்ப வருவன்னு..."

"வந்துட்டேன்ல," என்றாள் அக்கா. கட்டிலோரம் குனிந்தாள். "குழாய் போடலாமாம். போட்டாப் பேச முடியாதாம். என்ன சொல்றீங்க?"

"நீ... என்ன சொல்ற?"

"எனக்கு நீங்க பேசிட்டிருக்கணும். திட்டினாலும் சரி."

அத்தானின் கண் ஓரம் சுருங்கியது. முகமூடி மறுபடி இறங்கி, சில மூச்சு உள்ளே போய், மறுபடி தூக்கப்பட்டது. "பாப்பா?"

"கிளம்பிட்டா."

டாக்டர் குனிந்து, யாருக்கும் புரியாமல் போகக் கூடாது என்பது போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "ஐயா, குழாய் போட்டா உங்க மக வர்ற வரைக்கும் மூச்சை ஓட வைக்க முடியலாம். ஆனா நீங்க தூங்கிட்டிருப்பீங்க. போடலைன்னா, வர்ற வரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

கால்வாசி படுக்கையின் கால்மாட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டார். அவர் வாயில் நூறு வார்த்தைகள் முட்டி நின்றன. தாங்கும் அத்தான், நூறு வருஷம் தாங்கும், உங்களை எமனாலயும் தூக்க முடியாது, எடைமேடையே உடைஞ்சிடும்! ஒன்றையும் அவர் வெளியே விடவில்லை.

அத்தான் கண்ணை மூடினார். இயந்திரம் ஒன்று விட்டு விட்டுக் கூவியது, தாதி அதை அடக்கினாள். பிறகு அவர் சொன்னார்: "தூங்கறவனப் பாக்கவா... அவ்வளவு தூரம்... வர்றா?" அக்காவைப் பார்த்தார். அக்கா அவர் புறங்கையைத் தட்டினாள், சரி என்பது போல.

"வேண்டாம்மா குழாய்," என்றாள் டாக்டரிடம்.

மருந்து ஏறியது. தோள்பட்டையின் ஏற்ற இறக்கம் மெல்ல அடங்கியது. அவ்வளவு நேரம் பேசியதில் களைத்து, அதற்கு மேல் அத்தானால் வார்த்தையைத் தள்ள முடியவில்லை, ஆனால் கண் திறந்தே இருந்தது. போன் அடித்தது. மகள்தான், வாடகைக் காரிலிருந்து. அக்கா போனை அவர் காதோரம் வைத்தாள். சத்தத்தை முழுக்கக் கூட்டியிருந்ததால், அந்தக் குரல் முகமூடிக் காற்றின் இரைச்சலையும் மீறி எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, நான் பேசறேன். நீங்க பேச வேண்டாம். நானே பேசறேன். அப்பா, சுங்கச் சாவடி தாண்டிட்டேன்."

அத்தானின் புருவம் உயர்ந்தது. அந்தச் சாலையில் வராத லாரி இல்லை, அவர் கேட்காத லாரிக்காரன் கதை இல்லை. எந்த வளைவில் வண்டி திணறும், எந்த இறக்கத்தில் பிரேக் தேயும் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"காத்தாடி ஆலை வந்துருச்சுப்பா. எல்லாக் காத்தாடியும் சுத்துது. டிரைவர் அண்ணன் நல்லா ஓட்டறார்... பாலம் வருது. பாலம் ஏறிட்டேன்பா."

நேரம் போய்க்கொண்டிருந்தது. போனைப் பிடித்திருந்த அக்காவின் கை கடுக்க ஆரம்பித்தது. கையை மாற்றலாம், ஆனால் மாற்றுகிற அந்தக் கண நேரத்துக்குக் குரல் காதைவிட்டு விலகிவிடும் என்று அவள் மாற்றவில்லை. கால்வாசி சுற்றி வந்து, தன் உள்ளங்கையை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கையின் பாரத்தை மட்டும் முழுசாக அதன்மேல் இறக்கினாள்.

"அப்பா..." குரல் நின்றது. பின்னால் யாரோ எதையோ சபிப்பது கேட்டது. "ரயில்வே கேட் போட்டுட்டாங்கப்பா."

டாக்டர் திரையில் ஓடுகிற எண்களைப் பார்த்தார், தாதியைப் பார்த்தார், பிறகு திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

"கூட்ஸ் வண்டி வருதுப்பா. கேக்குதா?"

கேட்டது. முதலில் தூரத்து முனகல் போல, பிறகு தண்டவாளம் அதிர, பிறகு மகளின் குரலையே மூழ்கடித்துக்கொண்டு, போனின் சின்ன வாய் பிய்ந்துவிடுகிற மாதிரி தடதடவென்று. அத்தானின் கை போர்வைக்கு வெளியே வந்து அக்காவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. ஆள்காட்டி விரல் எழுந்தது, தட்டியது. எழுந்தது, தட்டியது. பெட்டி கடக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு தட்டு, ஒன்றையும் விடாமல். சுமை ஏற்றின வண்டி போலிருக்கிறது, மெதுவாகத்தான் போனது. பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன, அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.